பம்ப் ஹவுஸ் கார்டில் இல்லாத வரி

1998 ஜூன் 9, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். எங்கள் தங்கச் சுரங்க மின்பிரிவு அலுவலகத்துச் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தி ஓடும்; அந்த நான்கையும் சேர்த்தே சொல்கிறேன். உதவிப் பொறியாளர் உள்ளே வந்தார். உட்காரவில்லை. "பேப்பர் போடும்மா, மூணு காப்பி" என்றார். இரண்டு கார்பன் தாள்களை இடையில் வைத்து மூன்று வெள்ளைத் தாள்களை டைப்ரைட்டரில் செருகினேன்.

அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். குடிநீர் பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர் அன்று காலை பிரேக்கரின் டிரிப் யூனிட்டில் இருந்த சீலை உடைத்தார், செட்டிங்கை மாற்றினார், அதனால் மோட்டார் எரிந்தது. அவர்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு மறுநாள் காலை பத்து மணிக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். முடித்த பிறகு ஒரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். "மாற்றினார் என்பதற்கு முன்னால் வேண்டுமென்றே என்று சேர்த்துக்கோ" என்றார். முழுத்தாளையும் மறுபடி அடித்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தபால் வழியில் எம்.ஏ. தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். பகலில் மின்பிரிவில் தற்காலிக டைப்பிஸ்ட். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் என் வேலையை அடுத்த மாதத்துக்கு நீட்டிக்கும் கடிதத்தை நானே அடித்துக் கையெழுத்துக்கு வைப்பேன். அந்த வருஷங்களில் கோலார் தங்க வயலில் யாரைப் பார்த்தாலும் தூக்கம் போதாதவர்கள் போலத்தான் இருந்தார்கள். சுரங்கத்தில் லெவல் லெவலாக மூடிக்கொண்டு வந்தார்கள். மொத்தமாக எப்போது மூடுவார்கள் என்ற பேச்சு டீக்கடையிலும் கோயில் வாசலிலும் ரேஷன் வரிசையிலும் ஓடி ஓடித் தேய்ந்துவிட்டது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விடலாமா, இருந்து பார்க்கலாமா என்பதுதான் எல்லா வீட்டிலும் கேள்வி. விசாரணை நிலுவையில் இருப்பவருக்கு விருப்ப ஓய்வு கிடையாது. வேலையை விட்டு நீக்கிவிட்டால் குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். பம்ப் ஆபரேட்டருக்கு மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள், தொழிலாளர் வீட்டு வரிசையான லைனில் ஒன்றரை அறை வீடு. நான் அடித்த முக்கால் பக்கத்தில் அந்த வீடும் அடங்கியிருந்தது.

அந்த பம்ப் ஹவுஸில் மார்ச் மாதம் வரை எண்ணெய் பிரேக்கர் ஒன்று இருந்தது. மோட்டார் தாங்கக்கூடியதைவிட அதிகமாகக் கரண்ட் இழுத்தால், எண்ணெய்க் கிண்ணத்துக்குள் ஒரு பிஸ்டன் மெல்ல மேலேறும்; உச்சிக்கு வந்ததும் பிரேக்கரைத் தட்டி விழவைக்கும், கரண்ட் நின்றுவிடும். விழுந்த பிறகு பிஸ்டன் தன் எடையில் கீழே இறங்கிவிடும். மறுபடி போட்டால் முதலிலிருந்து ஏறத் தொடங்கும். முன்பு நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. அதனால் பம்ப் ஹவுஸ்களில் ஒரு வழக்கம் இருந்தது. சுவரில் வெள்ளைப் பெயிண்டில் யாரோ எழுதியும் வைத்திருந்தார்கள்: மூணு தரம் போடு, நாலாவதுக்கு ஃபோன் போடு. புதிதாக வேலைக்கு வருபவர் முதல் நாள் கற்றுக்கொள்வது அதுதான். இருபது வருஷம் வேலை செய்தவரும் அதையேதான் செய்தார்.

மார்ச்சில் எண்ணெய் பிரேக்கரைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தார்கள். அதன் முகப்பில் தடித்த அகராதி அளவில் ஒரு பெட்டி, அதுதான் எலக்ட்ரானிக் டிரிப் யூனிட். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஐந்து சிறிய டயல்கள், கீழே மூன்று விளக்குகள். உதவிப் பொறியாளர் அதை செட் செய்த இரண்டு மதியங்களிலும் நான் நோட்டுப் புத்தகத்தோடு அருகில் நின்றேன். ஆபரேட்டர்களுக்காக ஒரு தமிழ் செய்முறைக் கார்டு எழுதும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்.

பெட்டியின் முழு அளவு நானூறு ஆம்பியர். மோட்டாரின் தகட்டில் முந்நூற்றுப் பத்து என்று இருந்தது. முதல் டயலை அவர் புள்ளி எட்டில் வைத்தார். நானூற்றில் பத்துக்கு எட்டுப் பங்கு, அதாவது முந்நூற்று இருபது. அதற்கு மேல் போனால் பெட்டி நேரத்தை எண்ணத் தொடங்கும். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பது இரண்டாம் டயல். மோட்டார் கிளம்பும்போது ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும், ஏழெட்டு விநாடியில் அடங்கிவிடும். எனவே பத்து விநாடி கொடுத்தார். மூன்றாவதும் நான்காவதும் ஷார்ட் சர்க்யூட்டுக்கு. எந்த அளவில், எவ்வளவு தாமதித்து விழ வேண்டும் என்பதற்கு. ஐந்தாவது, எதற்கும் காத்திராமல் உடனே விழ வேண்டிய அளவு. ஒவ்வொன்றையும் திருப்புவதற்கு முன் கணக்கை வாய்விட்டுச் சொன்னார். திருப்பிய பிறகு நான் எண்ணைத் திரும்பச் சொன்னேன். பிறகு பேட்டரியில் ஓடும் சிறிய டெஸ்ட் பெட்டியைச் சொருகிப் பொய்க் கரண்ட் கொடுத்தார். ஒன்பதே முக்கால் விநாடியில் பிரேக்கர் விழுந்தது. மூடியைச் சாத்தி, கம்பி கோத்து, ஈய சீலை நசுக்கினார்.

அந்த இரண்டு மதியங்களும் எனக்குப் பிடித்திருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணமும் ஒரே வாக்கியத்தில் முடிந்தது. அலுவலகத்தில் நான் அடிக்கும் எந்தக் கடிதமும் அப்படி இல்லை.

கார்டுக்கு முதலில் பதினேழு குறிப்புகள் எழுதினேன். உதவிப் பொறியாளர் தாளை ஃப்ரேமின்மேல் வைத்துப் பார்த்தார். "ஒரே பக்கம்தான்மா. ஃப்ரேம் ஏற்கெனவே வாங்கியாச்சு. மூணு பாயிண்ட்டை எடுத்துடு" என்றார். எந்த மூன்று என்று அவர் சொல்லவில்லை. நானே தேர்ந்தேன். துடைப்பது பற்றியது ஒன்று, சாவி பற்றியது ஒன்று. மூன்றாவது இது: "மிகைச்சுமையால் விழுந்த பின், சேர்ந்த சூட்டை யூனிட் கால் மணி நேரம் வரை கணக்கில் வைத்திருக்கும். அதற்குள் மீண்டும் போட்டால் முன்னதைவிட விரைவாக விழும். இது பழுதன்று."

மற்றவை எல்லாம் 'காண்க', 'உறுதி செய்க', 'அழுத்துக' என்று முடிந்தன. இது மட்டும் எதையும் செய்யச் சொல்லவில்லை. ஒரு செய்தியைத் தெரிவித்தது. பெட்டியோடு வந்த கையேட்டிலும் அது செய்முறைப் பகுதியில் இல்லை, பின்னிணைப்பில் இருந்தது. செய்யச் சொல்லாத வரி செய்முறைக் கார்டில் எதற்கு என்று பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். பதினான்கு குறிப்புகளும் பக்கத்துக்குள் அழகாக அமர்ந்தன. உதவிப் பொறியாளர் அடியில் கையெழுத்திட்டார்.

ஜூன் 9 அன்று பன்னிரண்டரை மணிக்கு ஆபரேட்டர் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பதை ஒட்டிய வயது, ஒடிசலான உடம்பு. சட்டையில் எரிந்த மோட்டார் வார்னிஷ் வாடை இருந்தது. மெமோவை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார். கார்டு மாட்டிய நாளிலிருந்து அவர் என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னா டீச்சரம்மா, இத நீதான அடிச்ச?"

"ஆமாண்ணா."

"நல்லாத்தான் அடிச்சிக்கிற. ஒரு மிஸ்டேக்கு இல்லன்னு யூனியன் ஆபீஸ்லயே சொல்றாங்க. இதுக்குப் பதிலும் நீயே அடிச்சிக் குடுத்துடு. கேள்வியும் பதிலும் ஒரே மிஷின்ல வந்தா படிக்கிறவங்களுக்கு சுலுவா இருக்கும்."

பக்கத்து மேசையில் இருந்த டெஸ்பாட்ச் கிளார்க் சிரித்தார். ஆபரேட்டரும் சிரித்தார். உட்காரச் சொன்னேன். என்ன நடந்தது என்று முதலிலிருந்து, நேரத்தோடு சொல்லுங்கள் என்றேன்.

"அஞ்சே முக்காலுக்கு பம்ப் போடணும். ஆறு மணிக்கு லைன்ல தண்ணி போவணும். நேத்து செகண்ட் ஷிஃப்ட்ல பம்பு ஒழுவுதுன்னு தண்டச் சுத்தி அடைக்கிற கயிற மாத்தி டைட்டு பண்ணி வுட்ருக்கானுங்க. ரொம்ப டைட்டு. அது எனக்கு அப்பாலதான் தெரியும். மொத தரம் போட்டேன். பத்து எண்றதுக்குள்ள வுழுந்துச்சு. சரி, இன்னும் ரெண்டு தரம் இருக்குதேன்னு மறுபடி போட்டேன். நாலு எண்றதுக்குள்ள வுழுந்துச்சு. மூணாவது போட்டேன். கைய எடுக்கல, டப்புன்னு வுழுந்துச்சு."

அவர் விரல்களை மேசையில் வைத்துக் காட்டினார்.

"பத்து, நாலு, ஒண்ணு. அதே மோட்டாரு, அதே பம்பு. நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு. இதுக்கு இன்னா அர்த்தம்? பொட்டி கெட்டுக்கினே வருதுன்னுதான அர்த்தம்?"

நான் எழுதிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

"ஃபோன் பண்ணீங்களா?"

"நாலாவதுக்கு ஃபோன்னு இருக்குதே, பண்ணாம இருப்பனா? எலக்ட்ரீசியன் ஷாஃப்ட்டுக்குப் போய்க்கிறாரு, ஆள எறக்குற கேஜ் நின்னுபோச்சு, வர நேரமாவும்னாங்க. இங்க மணி ஆறு அடிச்சிச்சு. எங்க லைன்ல பொம்பளைங்க வாயி உனக்குத் தெரியாததா? கார்டப் பாத்தேன். நாலு தரம் பாத்தேன் டீச்சரம்மா, மெய்யாலுமே. 'காண்க'ன்னு இருக்குது, கண்டேன். 'உறுதி செய்க'ன்னு இருக்குது, செஞ்சேன். ரேடியோல நியூஸ் வாசிக்கிற மாதிரி எல்லாம் இருக்குது. இப்படி வர வர சீக்கிரம் வுழுந்தா இன்னா பண்றதுன்னு மட்டும் இல்ல. அப்பாலதான் ஸ்குரூட்ரைவர் எடுத்தேன்."

மூடியைத் திறந்து முதல் டயலை முழு அளவுக்கும், இரண்டாம் டயலை அதிகபட்ச நேரத்துக்கும் திருப்பியிருக்கிறார். பம்ப் கிளம்பிவிட்டது. இறுக்கிய கயிற்றோடு தண்டு கனமாகச் சுற்ற, முந்நூற்றுப் பத்துக்கான மோட்டார் நானூற்றை ஒட்டி இழுத்துக்கொண்டிருந்தது. பெட்டியைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டதால் அது பேசவில்லை. ஏழு மணிக்குச் சற்று முன் புகை வந்தது.

"சீல ஒடச்சது தப்புதான். நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா வேணும்னேன்னு போட்டுக்கிறாங்களே, அதான் மனசுக்கு ஒரு மாதிரியா கீது. வேணும்னே யாராச்சும் மோட்டார எரிப்பாங்களா? எரிஞ்சா அதக் கழட்டறதும் நான்தான்."

காலையில் எட்டரைக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் போகும்போது, "'காண்க' எல்லாம் போடாத, நான் எழுதலன்னு கண்டுபுடிச்சிடுவாங்க" என்றார்.

பத்து, நாலு, ஒன்று என்று அவர் சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்டி பழுதாகவில்லை. முதல் முயற்சியின் சூட்டை இரண்டாவதிலும், இரண்டின் சூட்டையும் மூன்றாவதிலும் அது சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறது. கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் அவர் உட்கார்ந்திருப்பார். பம்ப் கனமாகச் சுற்றுகிறது என்பதைக் கண்டுபிடிக்கவும் அவருக்கு நேரம் கிடைத்திருக்கும். அதை அவரிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிளார்க் இருந்தார் என்று பிற்பாடு எனக்கு நானே ஒரு சமாதானம் செய்துகொண்டேன். அவர் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். அன்று மதியம் என்னிடம் ஒரு பெரிய அலுப்புதான் இருந்தது: இத்தனை கவனமாக இருந்தும் இப்படியா என்ற அலுப்பு. அதற்குக் குற்றவுணர்வு என்று பெயர் வைக்க எனக்குச் சில மணி நேரம் ஆயிற்று.

பீரோவிலிருந்து கையேட்டை எடுத்துப் பின்னிணைப்பைப் படித்தேன். வரி இருந்தது. என் பழைய வரைவையும் எடுத்தேன். பென்சில் கோடு இருந்தது. அளவுகோல் வைத்து இழுத்த நேரான கோடு.

மூன்று மணிக்கு உதவிப் பொறியாளரிடம் போனேன். அவருக்கும் முப்பது வயதுக்குள்தான். பெங்களூரில் வீடு, வாரக் கடைசியில் ரயிலில் போய்வருவார். காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை என்பது மேசையில் திறக்காமல் இருந்த டிபன் பாக்ஸிலிருந்து தெரிந்தது. வரைவை அவர்முன் வைத்து நடந்ததைச் சொன்னேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது எதுக்கும்மா இப்ப?"

"இந்த வரி கார்டுல இருந்திருந்தா அவர் டயலைத் தொட்டிருக்க மாட்டார் சார்."

"இருந்திருந்தாலும் தொட்டிருப்பான்னு ஒருத்தர் சொல்லலாம். சீலை உடைச்சானா இல்லையா? உடைச்சான். அதோட விஷயம் முடிஞ்சுது."

"வேண்டுமென்றேன்னு போட்டிருக்கோம் சார்."

"போட்டது நான். அடிச்சது நீ. கார்டுல கையெழுத்துப் போட்டதும் நான். நீ கார்டு தப்புன்னு எழுதினா அடுத்த கேள்வி என்ன தெரியுமா? தற்காலிக டைப்பிஸ்ட்டை வெச்சு டெக்னிக்கல் கார்டு எழுதச் சொன்னது யாருன்னு கேப்பாங்க. எனக்கு ஒரு மெமோ வரும், வரட்டும். உனக்கு மெமோகூட வராது. மாசக் கடைசில லெட்டர் வராது, அவ்வளவுதான்."

மிரட்டலாக அவர் அதைச் சொல்லவில்லை. நடக்கப்போவதைத்தான் சொன்னார். நான் வரைவை எடுத்துக்கொண்டேன். கதவருகில் போனபோது, "அந்த வரியை நானும்தான் பாக்கல" என்றார். 

மைசூர் மைன்ஸில் எங்கள் லைனுக்கும் அந்த பம்ப் ஹவுஸிலிருந்துதான் தண்ணீர். மாலை ஐந்தரைக்கு நான் வீட்டுக்கு நடந்து வந்தபோது தெருமுனையில் டேங்கர் லாரி நின்றது. பிளாஸ்டிக் குடங்கள் பச்சையும் ஆரஞ்சுமாக வரிசையில் இருந்தன. அம்மா நடுவில் நின்றாள்.

"மோட்டார எரிச்சிட்டு வூட்ல குந்திக்கினு டிவி பாக்கறானாம்" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

"டிவி எங்க பாக்கறது, இன்னும் ரெண்டு நாள்ல வூட்டயே காலி பண்ணச் சொல்வாங்களாம்."

"பண்ணட்டும். எம் பொண்ணு இன்னைக்கி குளிக்காம ஸ்கூலுக்குப் போச்சு."

"குளிச்சிட்டு மட்டும் ஃபர்ஸ்ட் ராங்க்கா வாங்கிடப் போவுது?"

சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு குடத்தைக் கையில் கொடுத்து, "உங்க ஆபீஸ்தான, இன்னா ஆச்சாம்?" என்று கேட்டாள். "மோட்டார் எரிஞ்சிடுச்சு" என்றேன். "அது ஊருக்கே தெரியும். ஏன் எரிஞ்சிச்சாம்?" என்றாள் எதிர்வீட்டு அக்கா. வரிசையில் ஏழெட்டுப் பேர் என்னைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். அந்த நாளில் நான் வாய்திறந்து சொன்ன ஒரே பொய் அதுதான். அடுத்த வாரத் தேர்வுக்கான பாடப்புத்தகம் மேசையில் விரித்தபடி கிடந்தது. மூடி வைத்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஆபரேட்டரின் பதிலை எழுத உட்கார்ந்தேன். அவர் சொன்னபடி 'காண்க' எதுவும் வரவில்லை. மூன்று முறை போட்டது, விழுந்த நேரங்கள், ஃபோன் செய்தது, கிடைத்த பதில், கார்டைப் பார்த்தது, பிறகு சீலை உடைத்தது. கார்டில் என்ன இல்லை என்பதை அவர் வாயால் எழுத எனக்குக் கை வரவில்லை. அவருக்கு அது தெரியாது. தெரியாததை அவர் சொன்னதாக எழுதினால் அதுவும் சரியாகாது. தவிர, மோட்டாரை எரித்தவன் கார்டைக் குறை சொல்கிறான் என்றுதான் படிப்பவர்கள் நினைப்பார்கள். அந்த வரியை எடுத்தவர் சொன்னால்தான் அதற்கு ஒரு மதிப்பு. இதை நான் யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல முடியாது. மூன்று மணியிலிருந்தே தெரிந்துதான் இருந்தது. வேறு வழி ஏதாவது கிடைக்கிறதா என்று தேடித்தான் பொழுது போயிருந்தது.

அம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"பரிட்சைக்கா?"

"இல்லம்மா. அடுத்த மாசம் எனக்கு வேலை இருக்காது போலிருக்கு."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "நெசமாத்தான் மூடறாங்களா?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் எந்தக் கெட்ட செய்திக்கும் முதலில் கேட்கப்படும் கேள்வி அது. இல்லை, நான் ஒரு கடிதம் எழுதப்போகிறேன் என்றேன். முழுவதையும் சொன்னேன். மோட்டார் பற்றி அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, வரியை எடுத்தது நான் என்பது புரிந்தது.

"டேங்கர்கிட்ட தெரியாதுன்னு சொன்னியே."

"ஆமா."

"அங்க சொல்லியிருந்தா என்னக் கிழிச்சிருப்பாளுங்க" என்றாள். பிறகு, "சோறு ஆறுது, வா" என்றாள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விசாரணை மூன்று வாரம் நடந்தது. 'வேண்டுமென்றே' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். சீலை உடைத்ததற்கு அவருக்கு எச்சரிக்கையும் ஒரு வருஷ இன்க்ரிமெண்ட் நிறுத்தமும். வீடு இருந்தது, அடுத்த சுற்றில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனார். உதவிப் பொறியாளருக்கு மெமோ வந்தது. அதை வேறொருவர் அடித்தார். எனக்கு ஜூன் மாதக் கடைசியில் நீட்டிப்புக் கடிதம் வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால், அன்றைய களைப்பில் அதற்கு இடமில்லை. தேர்வு எழுதினேன், சுமாரான மதிப்பெண்தான்.

ஜூன் 10, புதன்கிழமை. காலையில் எட்டே காலுக்கு ஆபரேட்டர் வீட்டுக்குப் போனேன். அவர் மூத்த பெண்ணுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார். மனைவி டேங்கருக்குப் போயிருந்தார். பதிலைப் படித்துக் காட்டினேன். "நான் பேசற மாதிரியேதான் கீது, கொஞ்சம் குளிச்சிட்டு வந்த மாதிரி" என்று சொல்லிக் கையெழுத்திட்டார். அப்போது கார்டைப் பற்றிச் சொன்னேன். எந்த வரி, எப்போது, யார் எடுத்தது என்று மூன்றையும் சொன்னேன். அவர் ரிப்பனின் முனையை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டார்.

"கால் மணி நேரம் சும்மா இருக்கணும். அவ்ளோதானா?"

"அவ்வளவுதாண்ணா."

"சும்மா இருன்னு எழுத உனக்கு எடம் இல்லாம போச்சா?"

 அவர் ரிப்பனைக் கட்டி முடித்துப் பெண்ணின் முதுகில் தட்டி அனுப்பினார். "சார் திட்டுவாரே உன்ன" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஒன்பதேகாலுக்கு அலுவலகத்தில் என் கடிதத்தை எழுதினேன். டைப்ரைட்டரின் உறையை எடுக்கவில்லை. கையாலேயே எழுதினேன், ஏழு வரி. கையேட்டின் பக்க எண்ணைக் குறிப்பிட்டு, வரைவை அதோடு பின் செய்து, ஆபரேட்டரின் பதிலையும் சேர்த்து டெஸ்பாட்ச் கிளார்க்கிடம் கொடுத்தேன். அவர் ஆபரேட்டருடையதற்கு எண் போட்டார். என்னுடையதைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"இன்னாம்மா இது? யாரு கேட்டாங்க உன்ன?"

"யாரும் கேக்கல சார். எண் போடுங்க."

"போட்டா திரும்ப எடுக்க முடியாது, தெரியுமில்ல? சார் பத்து மணிக்கு வருவாரு. ஒரு தரம் காட்டிட்டு வாயேன்."

"அவருக்குத் தெரியும்."

அவர் ரப்பர் ஸ்டாம்பை மைப்பஞ்சில் இரண்டு முறை ஒற்றினார். குத்தினார். பேனாவால் எண்ணும் தேதியும் எழுதினார். பிறகு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இத எந்த ஃபைல்ல வெக்கறது? உன் ஃபைல்லயா, பம்ப் ஆபரேட்டரோடதுலயா?" என்று கேட்டார்.

"அவரோடதுல வைங்க" என்றேன். அவர் துளையிட்டு, டேக் கயிற்றில் கோத்து, முடிச்சுப் போடும் வரை மேசைக்கு முன்னால் நின்றேன்.